கியர்பாக்ஸை ஒரே தடவை இறக்குங்கள்: வீட்டு வாசலில் கிளட்ச்சும் ஃப்ளைவீலும் மாற்றும் முறை

என் ஆல்டோவின் கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கியிருக்கிறேன். முதல் தடவை கிளட்ச் மாற்ற. இரண்டாவது தடவை, முதல் தடவை சோம்பல்பட்டு அப்படியே விட்ட ஃப்ளைவீலுக்காக, அதாவது எஞ்சினோடு சுற்றும், கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும் கனமான இரும்புச் சக்கரத்துக்காக. இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம்கூட ஆகவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் ஃப்ளைவீலுக்குக் கொஞ்சம் அதிக இடம் போகும்.

வண்டி பழைய ஆல்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஒயர் கிளட்ச். முன் சக்கரத்தில் ஓடும் சின்ன வண்டி எதற்கும் வேலையின் போக்கு ஏறக்குறைய இதுதான். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால் ஒயருக்குப் பதில் சிலிண்டர் இருக்கும். சில டீசல் வண்டிகளில் இரண்டு அடுக்காக, நடுவே ஸ்பிரிங் வைத்த இரட்டை நிறை ஃப்ளைவீல் வரும். அதை லேத்தில் கொடுத்துச் சரி செய்யும் பேச்சே கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

போயிருப்பது கிளட்ச்தானா?

எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி பக்கமோ துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஊர்ந்தவர்களுக்கு, கிளட்ச் ஏன் சீக்கிரம் போகிறது என்று விளக்கத் தேவையில்லை. பாதி மிதித்த கிளட்ச்சில் வண்டியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிளேட் தேய்ந்து சூடாகிறது. பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இன்னும் மோசம்.

சோதனை எளிது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்னால் ஆள் யாரும் இல்லாத இடத்தில், மூன்றாவது கியரில் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் இழுபட்டு அணைந்துவிட்டால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் கருகும்.

மற்ற தொந்தரவுகளைக் காதாலும் காலாலும் பிரித்தறியலாம். பெடலை மிதித்தால் கரகர சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங், மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளிப் பிரிக்கும் பேரிங் அது. மிதித்ததும் சத்தம் நின்று, விட்டதும் திரும்பினால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து உள்ளே போகும் தண்டு) பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். வண்டி கிளம்பும்போது உதறினால் ஃப்ளைவீல், பிளேட்டில் ஆயில், அல்லது எஞ்சின் மவுண்ட் கிழிந்திருப்பது. மவுண்டைக் கையால் ஆட்டிப் பார்க்காமல் கிளட்ச்சை இறக்காதீர்கள். கியர் விழ மறுத்தால் முதலில் ஒயரைப் பாருங்கள். நைந்து நீண்ட ஒயருக்காகக் கியர்பாக்ஸை இறக்கினவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

இங்கே இன்னொரு வியாதியும் இருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகளில், பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் மிதிபடும், கிளட்ச் பிரியாது. தேய்மானமே இல்லாத பிளேட்டாக இருந்தாலும் வழி ஒன்றுதான்: இறக்கிப் பார்ப்பது.

இடமும் சாமானும்

சமமான சிமெண்ட் தரை வேண்டும். தெருவில் தண்ணீர் லாரி வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு இடம் பிடியுங்கள். பாதி வேலையில் வண்டியை நகர்த்த முடியாது. வாசல் சரிவில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

ஹாலோ பிளாக்கின் மேல் வண்டியை நிறுத்துவதை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அது ஒரு விநாடியில் தூளாகும் பொருள். இரும்பு ஸ்டாண்ட் ஒரு ஜோடி, உருளும் ஜாக்கி ஒன்று, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்ட் தாங்குவதற்கு. ஸ்டாண்ட் வைத்ததும் வண்டியைத் தோளால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் கீழே போகக் கூடாது.

10, 12, 14, 17 நம்பர் சாக்கெட்டுகள், நீண்ட எக்ஸ்டென்ஷன், பவர் பார், டார்க் ரெஞ்ச். வாங்க மனசில்லையென்றால் டார்க் ரெஞ்ச்சை இரவல் வாங்குங்கள், ஆனால் அது இல்லாமல் ஃப்ளைவீல் போல்ட்டைத் தொட வேண்டாம். காசிமேடு, ராயபுரம் பக்கம் ஓடும் வண்டி என்றால் உப்புக் காற்றில் அடிப்பக்க போல்ட்டெல்லாம் துருவேறி இருக்கும். முந்தின நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். இந்த ஒரு வேலை மறுநாள் இரண்டு மணி நேரத்தை மிச்சம் செய்யும்.

பாகங்களில் பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூடவே கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், இரண்டு ஆக்ஸில் சீல், கியர் ஆயில், தேவைப்பட்டால் கிளட்ச் ஒயர். சீல்களின் விலை சில்லறைக் காசு, ஆனால் அவற்றை மட்டும் மாற்ற மறுபடி இதே வேலை முழுவதையும் செய்ய வேண்டியிருக்கும். புது சாமானுக்கு ஜி.பி. ரோடு. பழைய ஃப்ளைவீல் தேட வேண்டி வந்தால் புதுப்பேட்டை. ஆனால் பிளேட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். பழைய பிளேட்டை மாதிரியாகக் கையில் எடுத்துப் போனால் கடைக்காரர் அதன் நடு ஓட்டையில் உள்ள ஸ்ப்ளைன் பல்லை எண்ணிச் சரியானதைத் தருவார்.

இறக்குவது

முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது. பிறகு பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் குழாய் என்று மேலிருந்து இடம் உண்டாக்குங்கள். கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்: கிளட்ச் ஒயர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச், எர்த் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார், அடியில் கியர் ராடு. கழற்றும் முன் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். நீளம் வேறுபடும் போல்ட் மாறினால் அலுமினிய உடம்பு உடையும்.

கியர் ஆயிலை வடித்துவிட்டு இரண்டு முன் சக்கரங்களையும் எடுங்கள். அதற்கு முன்னால், வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் திருப்பு இளக்கி வைத்திருக்க வேண்டும். ஆக்ஸிலை எடுக்க ஹப் நட்டைத் தொட வேண்டியதில்லை. கீழ் பால் ஜாயிண்ட் போல்ட்டை எடுத்து, பாட்டம் ஆர்மைக் கீழே அழுத்தி, சக்கர நக்கிளை வெளியே தள்ளினால் ஆக்ஸிலின் உள்முனை கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும். கியர்பாக்ஸ் வாயில் கம்பி கொடுத்து ஜாயிண்ட்டின் உடம்பை நெம்புங்கள். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் உள்ளே இருக்கும் உருளைகள் கழன்று ரப்பர் உறைக்குள் கொட்டும். என் முதல் தடவை அப்படித்தான் ஒரு மணி நேரம் கிரீஸில் குளித்தேன்.

இனி எஞ்சினைத் தாங்க வேண்டும். மேலே குறுக்குக் கம்பி போட்டுச் சங்கிலியில் தொங்கவிடுவது நல்லது. இல்லையென்றால் அகலமான மரப்பலகை வைத்து ஆயில் பேன் அடியில் ஜாக்கி. பலகை இல்லாமல் ஜாக்கி தலையை நேராக வைத்தால் பேன் நசுங்கும், உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாய் அடைபடும். எஞ்சினைத் தாங்கிய பிறகுதான் இடப்பக்க மவுண்ட்டையும் பின் மவுண்ட்டையும் கழற்ற வேண்டும்.

பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் அகன்ற வாய்) போல்ட் எல்லாம் எடுத்தும் கியர்பாக்ஸ் வர மறுக்கும். எங்கோ ஒரு போல்ட் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், மேலே ஸ்டார்ட்டர் பக்கம் தேடுங்கள். பிறகு மெல்ல நெம்பி, இடப்பக்கமாக நேராக இழுத்து, ஜாக்கியில் உட்காரவைத்து இறக்குங்கள். இது ஒரு ஆள் வேலையே இல்லை. என் மச்சான் கூட இருந்தான். மார்புக்கு நேராகக் கையால் தாங்கிவிடலாம் என்று தோன்றும், அந்த ஆசை வேண்டாம்.

ஃப்ளைவீலின் முன்னால் உட்கார்ந்து யோசிப்பது

பிரஷர் பிளேட்டைக் கழற்றும்போது ஆறு போல்ட்டையும் குறுக்காக, அரைத் திருப்பு அரைத் திருப்பாக இளக்குங்கள். பிளேட்டைக் கையில் தாங்கிக் கொள்ளுங்கள். உள்ளே கறுப்புத் தூள் இருக்கும். பழைய உராய்வுத் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் வாயால் ஊதாதீர்கள், ஏர் பிரஷரும் அடிக்காதீர்கள். முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

தேய்ந்த பிளேட் ரிவெட் தலையைப் பார்த்தாலே தெரியும். தகட்டின் மேற்பரப்பிலிருந்து ரிவெட் தலை 0.5 மி.மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருந்தால் தீர்ந்தது. பிளேட்டில் எண்ணெய்ப் பசை தெரிந்தால், சீல் எது கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பிளேட் மாட்டுவது பணத்தைச் சாக்கடையில் போடுவதற்குச் சமம். எஞ்சின் ஆயில் என்றால் கிராங்க் சீல். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் உண்டு, அந்த வாசனை என்றால் இன்புட் ஷாஃப்ட் சீல்.

இப்போது ஃப்ளைவீல். முதல் தடவை நான் செய்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு "பளபளன்னு இருக்கு, போதும்" என்று மூடியது. அதில் நீல நிறத்தில் இரண்டு மூன்று திட்டுகள் இருந்தன. பார்த்தேன், கண்டுகொள்ளவில்லை. அந்த நீலத் திட்டு வெறும் கறை இல்லை. வழுக்கிய கிளட்ச்சின் சூட்டில் அந்த இடத்து வார்ப்பிரும்பின் அமைப்பே மாறிக் கெட்டிப்பட்டிருக்கும். மற்ற இடம் தேயும், அது தேயாமல் மேடாக எழுந்து நிற்கும். புதுப் பிளேட் அந்த மேட்டில் மட்டும் பட்டுப் பட்டு உதறும். என் வண்டி மூலக்கடை சிக்னலில் கிளம்பும்போதெல்லாம் ஆட்டோ மாதிரி குலுங்கியது அதனால்தான்.

இரண்டாவது தடவை லேத்துக்குக் கொண்டுபோனபோது, கொருக்குப்பேட்டைப் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்து, "இன்னா தம்பி, இத்த தோசைக்கல்லாட்டம் வறுத்து எட்த்துகினு வந்துக்கிற?" என்றார். சரி செய்ய முடியுமா என்றேன். "நீலம் மேலோட்டமா இருந்தா போயிரும். ஆழமா போயிருந்தா நா காசு வாங்கமாட்டேன், வேற பாரு" என்றார்.

அவர் சொன்னதே சரியான விதி. மேலோட்டமான கீறல், லேசான திட்டு என்றால் சீவலாம். நகத்தால் உணரக்கூடிய விரிசல், ஆழமான நீலம், போல்ட் ஓட்டை சாய்ந்திருப்பது என்றால் மாற்றுங்கள். லேத் பிட்டால் சீவுவதைவிட கிரைண்டிங் கல்லால் தேய்ப்பது நல்லது. கெட்டித் திட்டு வந்ததும் பிட் தாவிவிடும், கல் தாவாது. சீவி முடித்த முகம் 0.2 மி.மீட்டருக்கு மேல் சாயக் கூடாது, டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: பிளேட் படும் முகமும் பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பும் வேறு வேறு மட்டத்தில் இருக்கும் ஃப்ளைவீல்கள் உண்டு. அதில் ஒரு பக்கம் எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவே மறுபக்கமும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் மாறிப்போகும்.

ரிங் கியர் பற்களையும், அதாவது ஃப்ளைவீல் விளிம்பில் ஸ்டார்ட்டர் மாட்டும் பல்வளையத்தையும், ஒரு சுற்றுப் பாருங்கள். எஞ்சின் அணையும்போது அழுத்தத்தில் மாட்டி ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் நிற்கும். நான்கு சிலிண்டரில் எதிரெதிராக இரண்டு இடம், என் மூன்று சிலிண்டரில் மூன்று இடம். ஸ்டார்ட்டர் பல் அங்கேயே போய் அடிப்பதால் அந்த இடங்களில் மட்டும் தேய்ந்திருக்கும். சாவி திருப்பினால் சில நேரம் 'கிர்ர்' என்று மட்டும் கேட்கிறது என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. ரிங் கியரைச் சூடாக்கி ஏற்றுவது லேத்காரர் வேலை.

ஃப்ளைவீலைக் கழற்ற, பழைய ஆங்கிள் துண்டு ஒன்றைப் பெல் ஹவுசிங் போல்ட்டில் மாட்டி, அதன் முனை ரிங் கியர் பல்லில் மாட்டும்படி வைத்தால் சுற்றாது. கழற்றும் முன் கிராங்கிலும் ஃப்ளைவீலிலும் சென்டர் பஞ்ச்சால் ஒரு குறி போடுங்கள், பேலன்ஸ் மாறாமல் அதே இடத்தில் திரும்ப உட்கார வேண்டும். கடைசி போல்ட்டை எடுக்கும்போது அடியில் கை இருக்கட்டும், அது காலில் விழுந்தால் எலும்பு போகும்.

ஏற்றுவது

கிராங்க் சீலை நேராக, சமமாகத் தட்டி ஏற்றி, உதட்டில் எஞ்சின் ஆயில் தடவுங்கள். ஃப்ளைவீல் போல்ட் மரையைச் சுத்தம் செய்து, திரெட்லாக் பசை ஒரு சொட்டு வைத்து, குறுக்கு வரிசையில் மூன்று கட்டமாக இறுக்குங்கள். இறுக்கும் அளவு உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது இல்லை. ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் ரக போல்ட் என்று மேனுவல் சொன்னால் புதுசு வாங்குங்கள்.

புது பிரஷர் பிளேட்டின் மேல் துரு வராமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். இதற்குப் பிறகு பிளேட்டின் முகத்தைக் கைவிரலால் தொட வேண்டாம்.

பிளேட்டின் எந்தப் பக்கம் எங்கே? நடுவில் ஸ்பிரிங் துருத்திய பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 'ஃப்ளைவீல் பக்கம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். மாற்றி வைத்தால் ஹப் போய் ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும், கிளட்ச் பிரியவே பிரியாது.

பிளேட்டை நடுவில் நிறுத்த ஒரு சென்டரிங் கம்பி வேண்டும். பழைய இன்புட் ஷாஃப்ட் கிடைத்தால் அதுவே போதும். இல்லையென்றால் மரக்கட்டையைச் சீவி, டேப் சுற்றி அளவுக்குக் கொண்டுவரலாம், நான் அப்படித்தான் செய்தேன். பிரஷர் பிளேட் போல்ட்டை மறுபடியும் குறுக்காக, அரைத் திருப்பாக ஏற்றுங்கள். எட்டு மில்லி போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். கம்பி தானாக லேசாக வெளியே வந்தால் நடு சரியாக இருக்கிறது.

இன்புட் ஷாஃப்ட் பல்லில் மாலிப்டினம் கிரீஸ் பட்டாணி அளவு தடவி, பிளேட்டின் ஹப்பை ஒருமுறை ஓடவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் அதிகமானால் சுற்றும்போது தெறித்துப் பிளேட்டில்தான் விழும். ரிலீஸ் ஃபோர்க் சுழலும் இடத்தில் கொஞ்சம். புது ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் கரைந்து போகும்.

கியர்பாக்ஸை ஏற்றுவதில்தான் பொறுமை போகும். இரண்டு நீள போல்ட்டின் தலையை வெட்டி, முனையில் ஹாக்ஸா பிளேடால் கீறல் போட்டு, எஞ்சினில் மேலே திருகி வையுங்கள். கியர்பாக்ஸ் அந்தக் கம்பிகளில் தொங்கி வழுக்கி வரும். எடை பிளேட்டின் ஹப்பில் தொங்கினால் புதுப் பிளேட் வளைந்துவிடும். பல் பொருந்தவில்லை என்றால் கிராங்க் புல்லியை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். கடைசி ஒரு இஞ்ச்சை போல்ட்டால் இழுத்து மூட ஒருபோதும் முயலாதீர்கள். சரியாக உட்கார்ந்தால் கையாலேயே முழுதாக ஒட்டும்.

மீதியெல்லாம் கழற்றின வரிசைக்குத் தலைகீழ். ஆக்ஸில் உள்ளே போகும்போது வளையம் 'டக்'கென்று மாட்டும் சத்தம் கேட்க வேண்டும். புது சீலின் உதடு கிழியாமல் பாருங்கள். கியர் ஆயில் மேனுவல் சொல்லும் ரகம்தான், பெரும்பாலும் 75டபிள்யூ-90 ஜிஎல்-4. கடைக்காரர் ஜிஎல்-5 உசத்தி என்று நீட்டினால் வாங்காதீர்கள். அதில் உள்ள கந்தகச் சேர்மானம் கியர் மாற உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. நிரப்பும் ஓட்டையின் உதடு வரை ஊற்றி, வழியத் தொடங்கியதும் மூடுங்கள். வண்டி சமமாக நிற்கும்போதுதான் இந்த அளவு சரி.

வடித்த பழைய ஆயிலைக் கேனில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது நேராகக் கேப்டன் காட்டன் கால்வாய்க்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போகிறது. அவை ஏற்கெனவே போதுமான அளவு குடித்துவிட்டன.

ஒயர் ஆட்டம், பிறகு ஓட்டம்

புதுப் பிளேட் தடிமன் அதிகம் என்பதால் ஒயரைப் புதிதாகச் சரி செய்தே ஆக வேண்டும். ஒயர் மாட்டும் ரிலீஸ் லீவரின் நுனியில் 2 முதல் 4 மி.மீ ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் விட்டால் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும், பிளேட்டும் வழுக்கத் தொடங்கும். அதிகமானால் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் ரிவர்ஸ் கியர் கத்தும்.

சக்கரம் தரையைத் தொடும் முன்னால், ஸ்டாண்டில் வைத்தே ஸ்டார்ட் செய்து எல்லா கியரும் விழுகிறதா பாருங்கள். அப்போது வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. முதல் 300, 400 கிலோமீட்டர் வரை வேகமாகக் கிளம்பாமல், ஏற்றத்தில் கிளட்ச்சில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். முதல் நாள் லேசான கருகல் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், இரண்டாவது நாளும் வந்தால் ஒயர் ஆட்டத்தைப் பாருங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் லீவர் ஆட்டத்தை மறுபடி அளந்து, சக்கர நட்டையும் மவுண்ட் போல்ட்டையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். அன்றிரவு பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு அட்டைத் துண்டைப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறது.